அதிகாரத்தின் ஏற்புடைமை: சேர்வராயன் மலையின் நாட்டுத் தலைமையும் தேர்தல் தலைமையும் – ஈரானிய, மேலை நாட்டு ஆட்சியமைப்புகளோடு ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆளும் அதிகாரம் எதனால் ஏற்புடையதாகிறது என்னும் வினா அரசியல் சிந்தனையின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. ஈரானின் தலைமை ஏற்புடையதா, மேலை நாட்டு அரசியலாளரின் தலைமை ஏற்புடையதா என்று உலகளவில் நிகழும் விவாதத்தில் ஒரு தரப்புக்கு ஓர் அளவுகோலும் மறுதரப்புக்கு வேறோர் அளவுகோலும் பயன்படுத்தப்படுகின்றன. சேலம் மாவட்டச் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையே மரபுவழி நாட்டுத் தலைமையும் தேர்தல்வழித் தலைமையும் ஒருங்கே நிலவுகின்றன. அவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட்டு, அதே அளவுகோலை ஈரானிய, மேலை நாட்டு அமைப்புகளுக்கும் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பதவிக்குச் செல்லும் வாயில், பிரதிநிதித்துவத்தின் தன்மை, மறுப்புக்கான இடம் ஆகிய மூன்றும் ஒப்பீட்டுக் களங்களாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: ஏற்புடைமை, மலையாளிப் பழங்குடியினர், ஏற்காடு தொகுதி, நோட்டா, விலாயத்தே ஃபகீஹ், தனித்தொகுதி, கிராம சபை.

முன்னுரை

ஏற்காடு வட்டத்தின் மலையூர் ஒன்றில் நிலத் தகராறு எழுந்தால் அதைத் தீர்க்க முதலில் கூடுவது ஊர்ப் பெரியவர்களின் அவை. அதே ஊருக்குச் சாலை வேண்டுமாயின் மனு செல்வது ஊராட்சித் தலைவருக்கோ சட்டமன்ற உறுப்பினருக்கோ ஆகும். ஒரே மக்கள் இருவேறு தலைமைகளை இருவேறு காரணங்களுக்காக ஏற்கின்றனர். முன்னவரை எவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. பின்னவர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆயினும் வாக்கு ஒன்றே ஏற்புடைமைக்குச் சான்று என்றும், மரபு ஒன்றே ஏற்புடைமைக்குச் சான்று என்றும் அம்மக்கள் கருதுவதில்லை. இந்த நடைமுறை அறிவு உலக அரசியல் விவாதத்தில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. ஈரானில் தேர்தல் நடப்பதைச் சுட்டி அதனை மக்களாட்சி என்பாரும், அங்கு சமயத் தலைவர் ஒருவர் உச்சத்தில் இருப்பதைச் சுட்டி அதனை முற்றிலும் ஏற்பிலா ஆட்சி என்பாரும் உளர். மேலை நாடுகளில் தேர்தல் நடப்பதையே முடிந்த முடிபாகக் கொள்வாரும், அந்நாடுகள் தொடுத்த போர்களைச் சுட்டி அவற்றின் தேர்தல்களைப் பொய் என்பாரும் உளர். இந்நிலையில் அளவுகோலைத் தெளிவுபடுத்துவது முதற்பணியாகிறது.

சொல்லும் பொருளும்

தமிழில் இப்பொருளைக் குறிக்கச் ‘சட்டபூர்வத் தன்மை’, ‘முறைமை’, ‘நியாயத்தன்மை’, ‘ஏற்புடைமை’ எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. சட்டபூர்வத் தன்மை என்பது நடப்பிலுள்ள விதிகளுக்கு உட்பட்டிருப்பதைக் குறிக்கும். விதியே நியாயமற்றதாக இருக்கக்கூடும் என்பதால் சட்டபூர்வமான ஆட்சி எல்லாம் ஏற்புடைய ஆட்சி ஆகிவிடாது. முறைமை என்பது மரபையும் ஒழுங்கையும் ஒருசேரச் சுட்டும். ஏற்புடைமை என்னும் சொல்லில் ஏற்பவர் ஒருவர் உள்ளடங்கியிருக்கிறார். ஆள்பவரின் உரிமையை ஆளப்படுபவரின் பார்வையிலிருந்து நோக்கும் சொல் இது ஒன்றே. ஆதலின் இக்கட்டுரையில் இச்சொல்லே ஆளப்படுகிறது.

மாக்ஸ் வெபர் ஏற்புடைய அதிகாரத்தை மரபுவழி, ஈர்ப்பாளுமைவழி, சட்ட-அறிவுவழி என மூன்றாகப் பகுத்தார். இப்பகுப்பு மக்கள் எதை நம்புகின்றனர் என்பதை விளக்குமேயன்றி, அந்நம்பிக்கை தகுதியானதா என்பதை விளக்காது. இக்குறையைச் சுட்டிய டேவிட் பீத்தம் 1991இல் வெளிவந்த தம் நூலில் மூன்று கூறுகளை முன்வைத்தார். அதிகாரம் விதிப்படி பெறப்பட்டிருத்தல் முதற்கூறு. அவ்விதிகள் ஆள்பவரும் ஆளப்படுபவரும் பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கைகளால் நியாயப்படுத்தப்படுதல் இரண்டாம் கூறு. ஆளப்படுபவர் தம் இசைவைச் செயலால் வெளிப்படுத்துதல் மூன்றாம் கூறு. மூன்றும் ஒன்றையொன்று ஈடுசெய்ய இயலாதவை. இவ்வாறு நோக்கின் ஏற்புடைமை ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் முடிவதன்று. கூறுதோறும் மிகுந்தும் குறைந்தும் அமைவது.

தமிழ் மரபில் ஏற்புடைமைச் சிந்தனை

திருக்குறள் இறைமாட்சி, செங்கோன்மை, கொடுங்கோன்மை என அதிகாரங்களை வகுத்து ஆட்சியின் தகுதியை அதன் செயலில் வைத்து ஆராய்கிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் பிறப்புரிமையை எவரும் மறுக்கவில்லை; ஒரு தீர்ப்புப் பிழைத்த அளவிலேயே அவன் அரசனாயிருக்கும் தகுதியை இழந்ததாகத் தானே கருதுகிறான். பிறப்பால் வந்த உரிமை, நீதி தவறினால் அழியும் என்னும் கருத்து இங்குத் தெளிவாகிறது.

பதவிக்குரியவரைத் தேர்வதற்கான விதிகளைக் கல்லில் பொறித்த சான்று உத்திரமேரூரில் உள்ளது. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (பொ.ஆ. 919, 921) இக்கல்வெட்டுகள் பிராமண ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்ததை விளக்குகின்றன. வயது 35 முதல் 70 வரை, கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, மறைக்கல்வி ஆகியவை தகுதிகளாக விதிக்கப்பட்டன. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். கணக்குக் காட்டாதவரை விலக்கிய விதி பொறுப்புடைமையைக் காத்தது. நிலமும் கல்வியும் வேண்டுமென்ற விதி ஊரின் பெரும்பான்மையோரை வெளியே நிறுத்தியது. தேர்வு நடப்பதற்கு முன்பே வாயிலில் நடக்கும் வடிகட்டல்தான் தேர்வின் பொருளைத் தீர்மானிக்கிறது என்னும் பாடத்தை இக்கல்வெட்டுகள் தருகின்றன. பின்வரும் ஒப்பீட்டிற்கு இது இன்றியமையாதது.

சேர்வராயன் மலையின் நாட்டுத் தலைமை

தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் முதலிடம் பெறுவோர் மலையாளிகள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநிலப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களுள் மலையாளிகள் 3,57,980 பேர். கேரள மலையாளிகளோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் அல்லது மலையில் வாழ்பவர் என்னும் பொருளிலேயே இப்பெயர் வழங்குகிறது. தமிழே இவர்களின் தாய்மொழி. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் வழியே தாம் சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளில் பரவியதாக இவர்களின் தோற்றக்கதை கூறுகிறது. மூத்தவர் வழியினராகச் சேர்வராயன் மலையினர் கருதப்படுகின்றனர்.

சேர்வராயன் மலை சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என மூன்று நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்ததைக் காலனியக் காலக் குறிப்புகள் பதிவு செய்துள்ளன. நாட்டுக்கும் ஊருக்கும் தனித்தனித் தலைவர் உண்டு. பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் முதலிய பெயர்கள் மலைக்கு மலை வேறுபட்டு வழங்குகின்றன. பொறுப்பு பெரும்பாலும் தந்தைவழி மகனுக்குச் செல்வது. திருமணம், மணவிலக்கு, நிலத்தகராறு, கோயில் விழா ஆகியவற்றில் இத்தலைவர் தனித்து முடிவெடுப்பதில்லை. ஊரவையில் பலரும் பேசிய பின்னரே முடிவு அறிவிக்கப்படும். மலையுச்சியில் குகைக்கோயிலில் உறையும் சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் ஆண்டுதோறும் மே மாதத்தில் எடுக்கப்படும் விழாவில் நாடுகள் ஒன்றுகூடுகின்றன. உறவு, தெய்வம், நிலம் ஆகிய மூன்றும் இணைந்த இக்கூடுகையில் மரபுத் தலைமை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது.

பீத்தத்தின் கூறுகளால் அளந்தால் இத்தலைமை முதலிரு கூறுகளிலும் வலுவுடையது. எழுதப்படாவிடினும் விதி உண்டு. அவ்விதியைத் தோற்றக்கதையும் தெய்வ நம்பிக்கையும் தாங்குகின்றன. அவைக்குக் கட்டுப்படுதல், விழாவில் பங்கேற்றல் என்பன இசைவின் செயல்கள். ஆனால் அந்த இசைவு யாருடையது என்று கேட்குமிடத்தில் குறை வெளிப்படுகிறது. மரபுவழி அவையின் தலைமை ஆண்களுக்கே உரியது. தன் மணவிலக்கு பற்றிய முடிவில் ஒரு பெண் கட்சிக்காரராக இருக்கிறாரேயன்றி முடிவெடுப்பவராக இல்லை. அவைக்குக் கட்டுப்படாதவர் சமூக உறவிலிருந்து ஒதுக்கப்படும் அச்சமும் உண்டு. சிறிய சமூகத்தில் ஒதுக்கம் பெருந்தண்டனை. அச்சத்தின் நிழலில் தரப்படும் இசைவை முழு இசைவாகக் கொள்ள இயலாது.

தேர்தல் தலைமை: ஏற்காடு தொகுதி

2008ஆம் ஆண்டின் தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளுள் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். ஏற்காடு தொகுதி மலைப்பகுதிகளோடு வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் ஆகியவற்றைச் சூழ்ந்த சமவெளி ஊர்களையும் உள்ளடக்கியது. ஏற்காடு வட்டத்தின் மொத்த மக்கள்தொகை 2011இல் அரை இலட்சத்திற்கும் குறைவு. தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையோ 2013இல் ஏறத்தாழ 2.40 இலட்சம். ஆகவே போட்டியிடுபவர் பழங்குடியினராக இருப்பார். ஆனால் சமவெளியின் வாக்குகளைப் பெறாமல் எவரும் வெல்ல இயலாது.

1932ஆம் ஆண்டு பூனா ஒப்பந்தத்திற்கு முன்னும் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் தொடர்பில் எழுந்த வினாவும் இதுவே. தனி வாக்காளர் தொகுதியில் சமூகத்தின் பிரதிநிதியை அச்சமூகமே தேர்ந்தெடுக்கும். பொது வாக்காளர் கொண்ட ஒதுக்கீட்டுத் தொகுதியில் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பர். முன்னதில் பிரதிநிதி தம் மக்களுக்குக் கடமைப்பட்டவர். ஆனால் சமூகம் பிறரிடமிருந்து பிரிந்து நிற்கும் இடர் உண்டு. பின்னதில் ஒருமைப்பாடு காக்கப்படுகிறது. ஆனால் பிரதிநிதி பிறர் வாக்கையே பெரிதும் சார்ந்திருப்பார் என்று அம்பேத்கர் எச்சரித்தார். ஏற்காட்டில் இவ்வெச்சரிக்கை எண்கணக்காகவே மெய்ப்படுகிறது.

இத்தொகுதியின் உறுப்பினர் செ. பெருமாள் 2013ஆம் ஆண்டு சூலையில் மறைந்ததையடுத்து, அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் நாள் இடைத்தேர்தல் நடைபெற்றது. அ.இ.அ.தி.மு.க. சார்பில் மறைந்தவரின் மனைவி பெ. சரோஜா போட்டியிட்டார்; தி.மு.க. சார்பில் வெ. மாறன் போட்டியிட்டார். பிற முதன்மைக் கட்சிகள் களமிறங்கவில்லை. ஏறத்தாழ 89 விழுக்காட்டினர் வாக்களித்தனர். சரோஜா 78,116 வாக்கு வேறுபாட்டில் வென்றார். 2013 செப்டம்பர் 27இல் மக்கள் குடிமை உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் விளைவாக, ‘மேற்கண்ட எவருக்கும் இல்லை’ எனப்படும் நோட்டா இத்தேர்தலில்தான் தமிழ்நாட்டில் முதன்முறையாக வாக்குப்பதிவு இயந்திரத்தில் இடம்பெற்றது. 4,431 பேர் அதனைத் தேர்ந்தனர். பதிவான வாக்குகளில் இது ஏறத்தாழ இரண்டு விழுக்காடு.

இவ்விடைத்தேர்தல் ஏற்புடைமை ஆய்வுக்குச் செறிவான சான்றாகும். விதிப்படி அமைதல் என்னும் முதற்கூறு நிறைவாக உள்ளது. வாக்களித்தோரின் விழுக்காடு மேலை நாட்டுத் தேர்தல்கள் பலவற்றையும் நாணச் செய்யும். ஆனால் தமிழ்நாட்டு இடைத்தேர்தல்களில் ஆளுங்கட்சி அமைச்சர்கள் தொகுதியில் முகாமிட்டுப் பணியாற்றுவதும் ஆளுங்கட்சி பெரும்பாலும் வெல்வதும் நெடுங்கால வழக்கம். எனவே மிகுந்த வாக்குப்பதிவை மட்டும் வைத்து மிகுந்த இசைவைக் கணிக்க இயலாது. நோட்டாவோ முடிவை மாற்றும் ஆற்றலற்றது. அது பெரும்பான்மை பெற்றாலும் அடுத்த நிலையிலுள்ள வேட்பாளரே வென்றவராவார். ஆயினும் மறுப்பைத் தெரிவித்த 4,431 பேரும் தம் அடையாளம் வெளிப்படாமல், எவ்வித அச்சமுமின்றி வீடு திரும்பினர். அவர்களின் மறுப்பு எண்ணப்பட்டு அரசின் ஏட்டிலேயே பதிவாயிற்று. ஊரவையின் ஒதுக்கத்தோடு ஒப்பிடும்போது இதன் மதிப்புப் புலனாகும்.

உள்ளாட்சியில் விழுந்த இடைவெளி

மலையூருக்கு மிக அருகிலுள்ள தேர்தல் தலைமை ஊராட்சி. வாழவந்தி, நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடை முதலிய ஊராட்சிகள் சிதறிக் கிடக்கும் பல மலையூர்களை இணைத்து அமைக்கப்பட்டவை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் நடக்கும் தேர்தல்களில் பெண்களுக்கு அளிக்கப்பட்ட ஒதுக்கீடு, 2016இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. மரபு அவை மறுத்த வாயிலைச் சட்டம் திறந்தது.

ஆனால் அவ்வாயில் இடையிடையே மூடியே கிடந்தது. 2016 அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்ற ஆணையால் நீக்கப்பட்டது; சேலம் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நிகழ்ந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேலாகத் தேர்ந்தெடுக்கப்படாத தனி அலுவலர்களே ஊராட்சிகளை நிர்வகித்தனர். 2025 சனவரியில் பதவிக்காலம் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். தனி அலுவலர் ஆட்சி சட்டப்படி அமைந்ததே. ஆனால் ஆளப்படுபவரின் இசைவு அதில் எவ்வழியிலும் கேட்கப்படவில்லை. சட்டபூர்வத் தன்மையும் ஏற்புடைமையும் வெவ்வேறானவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இவ்விடைவெளி வெறும் கோட்பாட்டுச் சிக்கல் அன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நில உரிமைக் கோரிக்கைகளைத் தொடங்கிவைக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே அளிக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி அச்சபையில் பாதிக்குக் குறையாத உறுப்பினர் கூடியிருத்தல் வேண்டும். கூடியோரில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும். பட்டியல் பகுதிகளில் பழங்குடி மரபு அமைப்புகளுக்கு இடமளிக்கும் 1996ஆம் ஆண்டின் ஊராட்சி விரிவாக்கச் சட்டமோ தமிழ்நாட்டில் செயற்படுவதில்லை. ஐந்தாம் அட்டவணையின்படி அறிவிக்கப்பட்ட பட்டியல் பகுதி எதுவும் இம்மாநிலத்தில் இல்லை என்பதே காரணம். ஆக, மரபுத் தலைமைக்குச் சட்ட ஏற்பு இல்லை. தேர்தல் தலைமைக்குத் தொடர்ச்சி இல்லை. தன் காட்டு நிலத்திற்கு உரிமை கோரும் குடும்பம் இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கிறது.

ஈரானின் இரட்டை அமைப்பு

ஈரானிலும் இருவகைத் தலைமைகள் உள்ளன. ஆனால் சேர்வராயன் மலையில் அவை அருகருகே நிற்க, ஈரானில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. 1979 மார்ச் 30, 31 ஆகிய நாட்களில் நடந்த பொதுவாக்கெடுப்பில் 98 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் இசுலாமியக் குடியரசை ஏற்றதாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் அரசியலமைப்பு, மறைந்திருக்கும் பன்னிரண்டாம் இமாம் திரும்பும்வரை சமயச் சட்ட வல்லுநரே காப்பாளராக இருந்து ஆளவேண்டும் என்னும் ‘விலாயத்தே ஃபகீஹ்’ கோட்பாட்டை அடித்தளமாகக் கொண்டது. சியா அறிஞர்களுள்ளும் இக்கோட்பாட்டை ஏற்காதவர் உளர்.

உச்சத் தலைவரை 88 உறுப்பினர் கொண்ட வல்லுநர் மன்றம் தேர்ந்தெடுக்கிறது. அம்மன்றத்தை மக்கள் வாக்களித்துத் தேர்கின்றனர். கேட்பதற்கு இது மறைமுகத் தேர்தலே. ஆனால் அம்மன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் குடியரசுத் தலைவர் பதவிக்கும் யார் போட்டியிடலாம் என்பதைப் பன்னிருவர் கொண்ட பாதுகாவலர் மன்றம் முடிவு செய்கிறது. அப்பன்னிருவரில் அறுவரை உச்சத் தலைவர் நேரடியாக அமர்த்துகிறார். மற்ற அறுவரை அவரால் அமர்த்தப்பட்ட நீதித்துறைத் தலைவர் முன்மொழிய, நாடாளுமன்றம் தேர்கிறது. தலைவரைத் தேர்வோரைத் தேர்வதற்கான வாயிலில் தலைவரின் ஆட்களே நிற்கின்றனர். 2021ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் பதிவுசெய்த 592 பேரில் எழுவரே போட்டியிட ஏற்கப்பட்டனர்.

1989இல் கொமெய்னி மறைந்தபோது அலி காமெனெயி உச்சத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசியலமைப்பு அப்போது வேண்டிய மர்ஜா என்னும் மிகவுயர்ந்த சமயத் தகுதி அவருக்கு இல்லை. அவ்வாண்டே அரசியலமைப்பு திருத்தப்பட்டு அத்தகுதி நீக்கப்பட்டது. சமய அறிவே ஆட்சியுரிமையின் ஊற்று என்ற கோட்பாடு, தேவை வந்தபோது அத்தகுதியைத் தளர்த்திக்கொண்டது. இரண்டாம் கூறாகிய நம்பிக்கைவழி நியாயம் இங்கு உள்ளிருந்தே வலுவிழந்தது.

மூன்றாம் கூறாகிய இசைவிலும் சரிவு தெரிகிறது. 2021ஆம் ஆண்டுத் தேர்தலில் 48.8 விழுக்காட்டினரே வாக்களித்தனர். செல்லா வாக்குகள் ஏறத்தாழ 37 இலட்சம். இரண்டாமிடம் பெற்ற வேட்பாளரின் வாக்குகளைவிட அவை மிகுதி. ஏற்காட்டின் நோட்டாவைப் போன்ற வாயில் அங்கு இல்லாத நிலையில், வாக்காளர் தம் மறுப்பைச் செல்லா வாக்காகவே பதிவு செய்தனர். 2024 சூன் 28இல் நடந்த முதற்சுற்றில் வாக்குப்பதிவு 40 விழுக்காட்டளவிற்கு வீழ்ந்தது. 2009ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவை எதிர்த்தும், 2022இல் மாஷா அமினியின் காவல் மரணத்தை எதிர்த்தும் வீதிக்கு வந்தோர் சிறையையும் துப்பாக்கியையும் எதிர்கொண்டனர்.

மேலை நாடுகளின் ஏற்புடைமை

மேலை நாட்டுத் தலைமைகளின் வலிமை பதவி நீக்கத்தில் உள்ளது. ஆட்சியிலிருப்போர் தேர்தலில் தோற்று வெளியேறுவது அங்கு இயல்பு நிகழ்ச்சி. ஆயினும் வாக்குக்கும் அதிகாரத்திற்கும் உள்ள இடைவெளி அங்கும் சிறிதன்று. அமெரிக்காவில் 2000இல் அல் கோர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் வாக்குகள் மிகுதியாகப் பெற்றும் தோற்றார். 2016இல் இலாரி கிளிண்டன் ஏறத்தாழ 29 இலட்சம் வாக்குகள் மிகுதியாகப் பெற்றும் தோற்றார். பிரித்தானியாவில் 2024 சூலைத் தேர்தலில் 34 விழுக்காட்டிற்கும் குறைவான வாக்குகளைப் பெற்ற தொழிற்கட்சி 650 இடங்களில் 400க்கும் மேற்பட்டவற்றைக் கைப்பற்றியது. வாக்குப்பதிவும் ஏறத்தாழ 60 விழுக்காடே. 2021 சனவரி 6இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட நிகழ்வு, தோல்வியை ஏற்கும் பண்பு எங்கும் இயற்கையாக அமைந்துவிடுவதன்று என்பதைக் காட்டியது.

மற்றொரு குறை எல்லைக்கு அப்பாற்பட்டது. 1953 ஆகஸ்டில் ஈரானின் பிரதமர் முகம்மது மொசாதெக்கின் அரசைக் கவிழ்த்ததில் அமெரிக்க, பிரித்தானிய உளவு அமைப்புகளுக்குப் பங்கு இருந்தது. தம் நாட்டில் வாக்கால் ஏற்புடைமை பெற்ற தலைவர்கள் பிறநாட்டு மக்களின் அரசைக் கவிழ்த்தனர். அம்மக்களின் இசைவு அங்கு எவ்விடத்திலும் கேட்கப்படவில்லை. ஒரு தலைவரின் உள்நாட்டு ஏற்புடைமை அவருடைய எல்லையோடு முடிகிறது. இதைச் சுட்டும் ஈரானியத் தரப்பின் வாதம் வலுவானது. ஆனால் அவ்வாதம் மேலை நாட்டின் உரிமையைக் குறைக்கிறதேயன்றி, ஈரானியத் தலைமையின் உரிமையைக் கூட்டவில்லை. ஒருவரின் கடன், மற்றவரின் கணக்கில் வரவாகாது.

ஒப்பீடு

முதற்களமாகிய வாயிலில் நான்கு அமைப்புகளும் வடிகட்டுகின்றன. மலையில் பிறப்பும் ஆண்மையும், ஈரானில் பாதுகாவலர் மன்றமும், ஏற்காட்டிலும் மேலை நாடுகளிலும் கட்சித் தலைமையும் பணமும் வடிகட்டிகளாக உள்ளன. ஆனால் இவை ஒரே தரத்தன அல்ல. கட்சி மறுத்தவர் தனித்து நிற்கலாம்; வெல்வது அரிது, ஆனால் தடை இல்லை. பாதுகாவலர் மன்றம் மறுத்தவருக்கு வேறு வழி இல்லை.

இரண்டாம் களமாகிய பிரதிநிதித்துவத்தில் எதிர்பாராத முடிவு கிடைக்கிறது. ஈரானிய நாடாளுமன்றத்தில் ஆர்மீனியர்க்கு இரண்டும், அசிரிய–கல்தேயர், யூதர், சரதுசுதர் ஆகியோர்க்கு ஒவ்வொன்றுமாக ஐந்து இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு அந்தந்தச் சமூகத்தாரே வாக்களிக்கின்றனர். அவ்வகையில் ஆர்மீனிய உறுப்பினர் தம் மக்களுக்கு நேரடியாகக் கடமைப்பட்டவர். ஏற்காட்டு உறுப்பினரோ பொதுவாக்காளருக்குக் கடமைப்பட்டவர். எனினும் அந்த ஆர்மீனியர் குடியரசுத் தலைவராக இயலாது. பகாய் சமயத்தார்க்கு அங்கு ஏற்பே இல்லை. ஏற்காட்டு உறுப்பினர் முதலமைச்சராவதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. ஒன்று நேரடிக் குரலைத் தந்து உயரத்தை மறுக்கிறது; மற்றது உயரத்தைத் திறந்துவைத்து நேரடிக் குரலைத் தளர்த்துகிறது.

மூன்றாம் களமாகிய மறுப்பே தீர்மானமான வேறுபாட்டைத் தருகிறது. வாக்குப்பதிவு விழுக்காட்டை இசைவின் அளவாகக் கொண்டால் ஏற்காடு 89, பிரித்தானியா 60, ஈரான் 40 என்று வரிசைப்படுத்தி முடித்துவிடலாம். அவ்வரிசை போதாது. ‘இல்லை’ என்று சொன்னவருக்கு அதன்பின் என்ன நேர்கிறது என்பதே இசைவின் மெய்மையை அறியும் உரைகல். மறுக்க இயலாத இடத்தில் ஏற்பு என்பதற்குப் பொருளில்லை. இவ்வுரைகல்லில் மேலை நாட்டமைப்பும் ஏற்காட்டுத் தேர்தலும் ஈரானிய அமைப்பைவிட மேம்பட்டு நிற்கின்றன; மலையின் மரபு அவையும் ஒதுக்கத்தைக் கைவிடாத அளவிற்கு இதில் பின்தங்குகிறது.

முடிவுரை

அதிகாரத்தின் ஏற்புடைமை ஒருமுறை பெற்று என்றும் வைத்துக்கொள்ளும் உடைமை அன்று. விதி, நம்பிக்கை, இசைவு ஆகிய மூன்றாலும் அது தொடர்ந்து ஈட்டப்பட வேண்டும். ஈரானின் தலைமை விதியை உடையது, நம்பிக்கையைத் தானே தளர்த்தியது, இசைவை இழந்துவருகிறது. மேலை நாட்டுத் தலைமைகள் உள்நாட்டில் மறுப்புக்கு இடமளிப்பதால் ஏற்புடைமை மிக்கன. தம் எல்லைக்கு வெளியே அவ்வுரிமையைக் கோர அவற்றுக்கு அடிப்படை இல்லை.

சேர்வராயன் மலையின் இரு தலைமைகளும் ஒன்றன் குறையை மற்றொன்று காட்டுகின்றன. மரபு அவையில் அருகாமையும் கலந்து பேசும் பண்பும் உண்டு. பெண்ணுக்கும் மறுப்பவருக்கும் இடமில்லை. தேர்தல் அமைப்பில் அவ்விடம் உண்டு. அருகாமையும் தொடர்ச்சியும் இல்லை. இரண்டின் நிறையும் சந்திக்கக்கூடிய இடம் மலையூர் அளவில் கூடும் கிராம சபையே. பெண்களின் பங்கேற்பை விதியாகக் கொண்டு, ஊரார் நேரில் பேசி முடிவெடுக்கும் அச்சபைக்கு வன உரிமைச் சட்டம் ஏற்கனவே இடம் வகுத்துள்ளது. உள்ளாட்சித் தேர்தல்கள் காலந்தவறாது நடப்பதும், மலையூர்தோறும் அச்சபை உயிர்ப்போடு கூடுவதும் நிகழ்ந்தாலன்றி, 89 விழுக்காட்டு வாக்குப்பதிவு அம்மக்களின் இசைவை முழுமையாகக் காட்டும் எண்ணாக அமையாது.